நான் போற்றும் பெரியார்

பெரியாரைப் போற்றுதல் தமிழ் மக்களுக்குப் புதிய வழக்கமன்று. ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்த மறவனுக்குக் கல் நாட்டி, அக்கல்லிலே அவன் பெயரையும் செயலையும் பொறித்து வழிபட்ட மரபு நம்முடையது. அவ்வாறு நாட்டிய கற்கள் பல தமிழகத்திலே இன்றும் காணக் கிடைக்கின்றன. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரிலே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுத்த கல் அது. அதிலே அவனுருவத்தின் அருகில் ஒரு நாயின் உருவமும் இருக்கின்றது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்னும் செய்தியையும் எழுத்திற் பொறித்திருக்கின்றார்கள்.

அவ்வீரன் அழகனா, கல்விமானா, குணக்குன்றா என்பதொன்றையும் அக்கல் சொல்லவில்லை. கல்லிலே இடம் சிறிது. உளி பிடித்தவனுக்கு அடைமொழிகளை அடுக்க வசதியில்லை. ஆகவே நடந்ததை மட்டும் வெட்டி வைத்தான். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் சென்றபின்பு, கடலுக்கு இப்பால் யாழ்ப்பாணத்திலே இருக்கும் தமிழாசிரியன் ஒருவன் அந்த நாயின் பெயரை எடுத்துச் சொல்லுகின்றான். செய்தி உள்ள எழுத்துக்கு ஆயுள் நீளம்.

நமது கல்லூரியின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, என் தொழிலை ஒட்டிய ஒன்றையே எழுதுதல் தகுமென எண்ணினேன். கட்டுரைப் பாடம் என் தொழில். அப்பாடத்திலே ஆண்டுதோறும் தவறாது வந்து நிற்கும் தலைப்பு, "நான் போற்றும் பெரியார்" என்பது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களில் அத்தலைப்பிலே எழுதாதவர் எவரேனும் இருப்பாரோ என்பது ஐயமே. வைத்தியரும் பொறியியலாளரும் கடைக்காரரும் கமக்காரரும் ஆகிய எல்லாரும் ஒரு காலத்திலே ஒரு பெரியாரைப் போற்றி எழுதி, பத்துக்கு ஐந்தோ ஆறோ வாங்கியவர்களே.

இப்பொழுதுள்ள மாணவர் யார் யாரை எழுதுகின்றனர்? காந்தியடிகள், சுவாமி விவேகானந்தர், ஆறுமுக நாவலர், அப்துல் கலாம் ஆகிய நால்வரே பெரும்பாலும் வருவர். தக்கவர்களே. நம்மூர்க்குப் புறம்பானவர்களும் அல்லர். விவேகானந்தர் 1897 தைமாதத்திலும், காந்தியடிகள் 1927 நவம்பரிலும், கலாம் அவர்கள் 2012 சனவரியிலும் யாழ்ப்பாணத்து மண்ணை மிதித்தவர்கள். நாவலரோ நல்லூரிற் பிறந்தவர். ஆனால், இத்தகையோரைப் பற்றி எழுதும் கட்டுரைகளைக் கையிலே எடுத்தால், "சிறு வயது முதற்கொண்டே அறிவிற் சிறந்து விளங்கினார், எளிமையின் சிகரமாகத் திகழ்ந்தார், அல்லும் பகலும் அயராது உழைத்தார், அவர் புகழ் வானும் மண்ணும் உள்ளவரை நிலைக்கும்" என்று நால்வருக்கும் ஒரே சட்டையையே மாட்டியிருப்பார்கள். தனியார் வகுப்புக்களிலே கொடுக்கும் மாதிரிக் கட்டுரைகள் இச்சட்டையைத் தைத்து வைத்திருக்கின்றன. பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும்.

நான் வகுப்பிலே ஒரு சோதனை செய்வதுண்டு. மாணவர் எழுதிய கட்டுரையொன்றைப் பெரியாரின் பெயரையும் ஊரையும் மறைத்து உரக்க வாசிப்பேன். "இவர் யார்?" என்று கேட்பேன். ஒருவர் காந்தியடிகள் என்பார். இன்னொருவர் கலாம் என்பார். எழுதிய மாணவனே சில வேளைகளில் ஐயுறுவான். வகுப்புச் சிரிக்கும். சிரிப்பு அடங்கியபின் பாடம் தொடங்கும். பெயர் நீக்கியபோது ஆளும் நீங்கிவிடுவாரானால், அங்கே ஆள் முதலிலேயே இருக்கவில்லை என்பதுதானே பொருள்?

இதற்கு மருந்து வேறெங்கும் தேடவேண்டியதில்லை. நம் அணியிலக்கணத்திலேயே உண்டு. தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தினையும் நிரல்பட வைக்கும்போது எதனை முதலிலே வைத்தது? உவமையை அன்று, உருவகத்தை அன்று. தன்மையணியை வைத்தது. ஒரு பொருளை உள்ளது உள்ளவாறு, கேட்பவன் கண்முன்னே நிற்குமாறு சொல்லுதலே தன்மை. அதற்குப் பின்னரே ஏனைய அணிகள். உயர்வு நவிற்சி நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே வந்துவிடுகின்றது. தன்மை நவிற்சியைப் பழக்கவேண்டியிருக்கின்றது. "அவர் மிக எளியவர்" என்பது தீர்ப்பு. அவர் உடுத்ததையும் உண்டதையும் சொல்லுதல் சான்று. நீதிமன்றிலே சான்று கேளாமல் தீர்ப்புச் சொன்னால் ஒப்புவோமா?

இனி, தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டினுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்தார். அப்பெருமிதம் பிறக்கும் இடங்கள் நான்கு: கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை. இவற்றுள் அடங்காத பெரியார் எவரும் இலர். ஆதலால் நான் மாணவர்க்கு நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பேன். அவர் எதனை, யாரிடம், எப்படிக் கற்றார்? எதற்கு அஞ்சவேண்டியிருந்தும் அஞ்சாது நின்றார்? எச்செயலால் அறியப்பட்டார்? எதனைக் கொடுத்தார், அதனால் அவருக்கு என்ன குறைந்தது? இந்நான்கினுள் கடைசிக் கேள்வியே கடினமானது. கொடுத்ததைச் சொல்லுவோர் பலர். கொடுத்ததனாற் குறைந்ததைத் தேடுவோர் சிலர்.

பிறர்க்குச் சொல்லும் ஆசிரியன் தானும் செய்து காட்டுதல் முறை. ஆகவே நான் போற்றும் பெரியாரை ஈண்டு எழுதுகின்றேன். அவர் சி. வை. தாமோதரம்பிள்ளை.

கோப்பாயிலிருந்து நீர்வேலி கடந்து வடக்கே செல்லும் வீதியிலே சிறுப்பிட்டி என்னும் ஊர் இருக்கின்றது. செம்மண் நிலம். நீர்வேலியிலே வாழைத் தோட்டங்கள் வீதியின் இருமருங்கும் அடர்ந்து நிற்கும். இன்னும் சற்றுச் சென்றால் ஆழங் காண அரிதென்று ஊரார் சொல்லும் நிலாவரைக் கிணறு. தோட்டக்காரர் நீர் இறைத்து, எரு இட்டு, கல் பொறுக்கி வாழும் பூமி. 1832-ஆம் ஆண்டு செப்டெம்பர் 12-ஆந் திகதி அவ்வூரிலே தாமோதரம்பிள்ளை பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை. சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கேட்டார். பின்பு வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் கற்றார். படிப்பு முடிந்ததும் கோப்பாயிலே ஆசிரியரானார். அக்கோப்பாயிலேதான் நானும் ஆசிரிய பயிற்சி பெற்றேன் என்பதைச் சொல்லாது விடுதல் கூடவில்லை. காலையிலே கலாசாலைக்குத் துவிச்சக்கர வண்டியிற் செல்லும்போது, "இந்த வீதியால் அவர் நடந்திருப்பார்" என்று எண்ணுவதே எனக்கு ஒரு பாடமாயிருந்தது.

இருபது வயதையடுத்த இளைஞராயிருக்கும்போதே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டார். பேர்சிவல் பாதிரியார் தாம் நடத்திய தினவர்த்தமானிப் பத்திரிகையின் பொருட்டு அவரைச் சென்னைக்கு அழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இலே தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகள் இருவர். அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் நம் தாமோதரம்பிள்ளை. இவ்வளவிலே ஒரு மாணவன் கட்டுரையை நிறுத்திவிட்டு, "ஆகவே அவர் அறிவிற் சிறந்தவர்" என்று முடிப்பான். அங்கே நிறுத்தினால் தாமோதரம்பிள்ளை தப்பிப் போய்விடுவார். முதற் பட்டதாரி என்பது அவர் பெற்றது. அவர் கொடுத்தது வேறு.

அக்காலத்திலே பட்டம் பெற்றவனுக்கு உத்தியோகத்தின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. அவரும் அவ்வழியே சென்றார். கள்ளிக்கோட்டையிலே ஆசிரியர், பின்பு அரசாங்கக் கணக்குப் பகுதியிலே உத்தியோகத்தர், சட்டப் பட்டம் பெற்றுக் கும்பகோணத்திலே வழக்கறிஞர், புதுக்கோட்டையிலே நீதிபதி. 1895-இலே இராவ் பகதூர் என்னும் பட்டமும் வந்தது. ஒரு மனிதன் ஆறியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வாழ்வதற்கு இவ்வளவு போதும். அவருக்குப் போதவில்லை. காரணம், ஏடுகள் அழிந்துகொண்டிருந்தன.

இக்காலத்து மாணவனுக்கு ஏடு என்றால் என்னவென்று காட்டினாலன்றி விளங்காது. பனையோலையை வாட்டிப் பதப்படுத்தி, ஓரஞ் சமன்செய்து, துளையிட்டுக் கயிறு கோத்து, மேலுங் கீழும் பலகை வைத்துக் கட்டிய கட்டு அது. எழுத்தாணியாற் கீறிய எழுத்துக் கண்ணுக்குத் தெரிய மஞ்சளும் கரியும் பூசுவார்கள். எவ்வளவு பேணினும் ஓலை ஓலைதான். இராமபாணப் பூச்சி துளைக்கும்; செல் அரிக்கும்; உலர்ந்தால் ஒடியும்; நனைந்தால் ஒட்டும். ஆகையால் பழைய ஏடு பழுதாகுமுன் புதிய ஓலையிலே பெயர்த்தெழுதவேண்டும். எழுதுவோர் உள்ள வரை நூல் வாழும். ஒரு தலைமுறை சோம்பினால் நூல் மாளும். சுவடிகளின் இந்நிலையைக் கண்டு தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளிலே இரங்கி எழுதியிருக்கின்றார்.

அழியாது கிடைத்த ஏட்டையும் எளிதிலே படிக்க முடியாது. ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி வையார். குறிலும் நெடிலும் வேறுபாடின்றி இருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். "எரி" என்று எழுதியிருப்பது எரியா, ஏரியா? ஒன்று நெருப்பு, மற்றது நீர். எதுவென்று இடம் நோக்கித் துணியவேண்டும். ஓர் ஏட்டிலே ஒரு சொல். இன்னோர் ஏட்டிலே வேறொரு சொல். மூன்றாம் ஏட்டிலே அவ்விடத்தில் பூச்சித் துளை. இவ்வாறு ஒரு செய்யுளுக்கு மட்டுமன்று, நூல் முழுவதற்கும் பார்த்து, கையாற் பெயர்த்தெழுதி, அச்சுக்கூடத்தார் கோத்த எழுத்தைத் திருத்தி, கடதாசிக்கும் கூலிக்கும் பணந் தேடி, அச்சிட்டபின் வாங்குவாரைத் தேடவேண்டும். பகலிலே அலுவலகக் கணக்கும் நீதிமன்ற வழக்கும் பார்த்த மனிதர் ஒருவர் இதனைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்.

1868-இலே தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. நாவலர் பரிசோதித்துக் கொடுத்தார். 1879-இலே நாவலர் மறைந்தார். அதன்பின் பாரம் முழுவதும் இவர் தோளிலே விழுந்தது. 1881-இலே வீரசோழியம், 1883-இலே இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-இலே தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இலே கலித்தொகை, 1889-இலே இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891-இலே எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு. ஆண்டுகளைப் பாருங்கள். ஐம்பது வயதையடுத்து, பிறர் ஓய்வை எண்ணத் தொடங்கும் பருவத்திலேதான் இவர் வேலை பெருகுகின்றது. மேலே பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களைச் சொன்னேனே, அவ்விதி உள்ள மெய்ப்பாட்டியல் இவர் 1885-இலே அச்சிட்ட பொருளதிகாரத்தினுள் இருப்பது. பெரியாரை அளக்கும் கோலையே எடுத்துத் தந்த பெரியார் இவர்.

இவருடைய பெயரை நான் முதன்முதலாகக் கேட்ட இடமும் சொல்லத் தக்கது. 1995-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களிலே வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். மழை பெய்துகொண்டிருந்தது. நான் அப்போது பதினைந்து வயது மாணவன். சில வாரங்களின்பின் மாமர நிழலொன்றிலே எங்களுக்கு வகுப்புத் தொடங்கிற்று. கரும்பலகையில்லை, புத்தகமில்லை. தமிழ் கற்பித்த ஆசிரியர் சீமெந்துப் பையின் உட்கடதாசியைச் சதுரமாக வெட்டி, தம் நினைவிலுள்ள பாடங்களை அதிலே எழுதிக்கொண்டு வருவார். அவர் பெயரை அச்சிலே காண அவர் விரும்பார், ஆதலின் எழுதவில்லை.

ஒருநாள் அவர் எங்களைப் பார்த்து, "வீட்டை விட்டு வரேக்க ஆர் ஆர் என்னென்ன கொண்டந்தனீங்கள்?" என்று வினாவினார். காணி உறுதி என்றான் ஒருவன். அடையாள அட்டைகள் என்றான் மற்றொருவன். அரிசி, பானை, அப்புவின் மருந்து, ஓர் ஆட்டுக்குட்டி என்று விடைகள் வந்தன. ஒருவருமே புத்தகம் கொண்டுவரவில்லை. அவர் அதற்காக எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "சரிதான் தம்பியவை, உயிருக்குத்தான் முதலிடம்" என்றார். பின்பு, சிறுப்பிட்டியிலே பிறந்த ஒருவர் பிறர் கைவிட்டவற்றைச் சுமந்து சென்ற கதையைச் சொல்லத் தொடங்கினார். ஓலை எப்படி ஒடியும் என்பதைக் காட்டுவதற்குக் கீழே கிடந்த மாவிலைச் சருகொன்றை எடுத்து மடித்தார். அது பொடியாகி அவர் கையிலிருந்து உதிர்ந்தது. "இப்படித்தான் கலித்தொகை இருந்தது" என்றார்.

1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும், ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் அத்தீயிலே போனதையும் பெரியவர்கள் சொல்ல நாங்கள் கேட்டிருந்தோம். அதுவரை அது ஒரு தொகையாகவே என் மனத்தில் இருந்தது. அன்று மாவிலைச் சருகு பொடிந்ததைப் பார்த்தபோதுதான் ஓர் ஏடு போவது இன்னதென்று உணர்ந்தேன். தாமோதரம்பிள்ளை ஒருவர் 1887-இலே செய்த வேலையினால், 1981-இன் தீயினாலும் 1995-இன் இடப்பெயர்வினாலும் கலித்தொகையைத் தொட முடியவில்லை. அது அச்சேறி, பலவூர்களிலே பல பிரதிகளாகப் பரந்துவிட்டது. தமிழாசிரியனாகவேண்டும் என்னும் எண்ணம் எனக்கு அம்மாமர நிழலிலேதான் வேர்கொண்டது.

ஆனால், போற்றுகின்றோம் என்பதனாற் குறையை மறைத்தல் கட்டுரைக்கு அழகன்று. இதனையும் மாணவர்க்குச் சொல்வதுண்டு. தாமோதரம்பிள்ளையின் பொருளதிகாரப் பதிப்பிலே நச்சினார்க்கினியர் உரை என்று வெளிவந்ததன் பிற்பகுதி பேராசிரியர் உரை என்பதைப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். வீரசோழியப் பதிப்புரையிலே அவர் வகுத்த இலக்கிய காலப் பகுப்பை இன்றைய ஆராய்ச்சியாளர் அவ்வாறே ஏற்றுக்கொள்வதில்லை. கலித்தொகையை இ. வை. அனந்தராமையர் பின்னொரு காலத்திலே மேலும் பல ஏடுகளை ஒப்புநோக்கி விரிவாகப் பதிப்பித்தார். கும்பகோணத்திலே அவர் காலத்திலேயே வாழ்ந்து, அவரோடு பழகிய உ. வே. சாமிநாதையர், பதிப்புக்கலையை அவர் விட்ட இடத்திலிருந்து நெடுந்தூரம் முன்கொண்டு சென்றார்.

இவற்றைச் சொன்னால் பெரியாரின் பெருமை குன்றுமோ என்று ஒரு மாணவன் கேட்டான். குன்றாது என்றேன். முதன்முதல் காடு வெட்டியவன் வெட்டிய பாதை கோணலாகத்தான் இருக்கும். பின்வந்தவன் அதை நேராக்குகின்றான். நேராக்குவதற்கு ஒரு பாதை வேண்டுமல்லவா? பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி அவர் ஏட்டை மூடி வைத்திருந்தால், பிழை திருத்தும் வாய்ப்பே பின்வந்தோருக்கு வாய்த்திராது. கற்றோர் நிறைந்த அவையிலே பிழைபடவும் துணிந்து ஒரு நூலை வெளியிடுதல் அஞ்சாமையே. தொல்காப்பியனார் சொன்ன நான்கினுள் இரண்டாவது அது. அறுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1901-ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அவர் காலமானார். ஏழாலையிலே அவர் நிறுவிய வித்தியாசாலையில் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் போன்றோர் கற்பித்தனர் என்பதையும் இங்கே குறிக்கவேண்டும். பட்டினத்திலே வாழ்ந்தும் ஊரை மறவாதவர்.

இவ்வளவும் சொன்னபின், "எல்லாரும் தாமோதரம்பிள்ளையையே எழுதுங்கள்" என்று நான் சொல்லுவேனானால், பாடம் வீணாய்விடும். அவர் என் பெரியார். மாணவனுக்கு அவனுடைய பெரியார் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் கலாம் அவர்களைப் பற்றி மாதிரிக் கட்டுரையொன்றை மனனஞ் செய்து எழுதியிருந்தான். எழுத்துப் பிழையில்லை, ஆளும் இல்லை. அவனை அழைத்து, "தம்பி, உன்ர வீட்டில விடிய முதல் எழும்புறது ஆர்?" என்று கேட்டேன். "அம்மா, சேர்" என்றான். "எத்தினை மணிக்கு?" "மூண்டரைக்கு." "எழும்பி என்ன செய்வா?" அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, "இடியப்பம் அவிச்சுக் கடைகளுக்குக் குடுக்கிறவ" என்றான். தந்தையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "இதையே எழுதிக்கொண்டு வா, ஆனால் தியாகம், தெய்வம், ஈடிணை என்ற மூன்று சொற்களும் வரப்படாது" என்றேன்.

மறுவாரம் இரண்டு பக்கம் எழுதி வந்தான். உரலை இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கித் தாயாரின் உள்ளங்கையிலே காய்ப்புப் பிடித்திருப்பதையும், காய்ச்சல் வந்தபோது அவர் தன் நெற்றியைப் புறங்கையாலேயே தொட்டுப் பார்ப்பதையும் எழுதியிருந்தான். உள்ளங்கைக்குச் சூடு தெரிவதில்லையாம். அவித்ததைப் பத்துப் பத்தாக அடுக்கும்போது தன்னை எழுப்பிவிடக் கூடாதென்று தாயார் மெல்லிய குரலில் எண்ணுவாராம். அரைத் தூக்கத்திலே அவ்வெண்ணிக்கை அவனுக்குக் கேட்குமாம். "முந்நூறு என்று கேட்டால் விடிந்துவிட்டது என்று தெரியும்" என்பது அக்கட்டுரையின் கடைசி வாக்கியம்.

அவன் இசைவு பெற்று அதனை வகுப்பிலே வாசித்தேன். பெயரை மறைக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவன் பெயர் எதையும் எழுதவில்லை. ஆயினும் அந்த அம்மையாரை வகுப்பு முழுவதும் கண்டது. அடுத்த கிழமை கிணறு வெட்டும் பேரனாரும், கடைசிப் பஸ் ஓட்டும் மாமனாரும், முறிந்த காலோடு பாடசாலைக்கு வரும் ஆசிரியையும் கட்டுரைகளிலே வந்து சேர்ந்தனர். காந்தியடிகளை எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவன், 1930-இலே தண்டியை நோக்கி நடந்தபோது அவருக்கு வயது அறுபது என்பதையும், நடந்த தூரம் ஏறத்தாழ 240 மைல் என்பதையும் தேடி எழுதி, தன் பேரனார் கோயிலுக்கு நடக்கும் தூரத்தோடு ஒப்பிட்டிருந்தான். அவன் கட்டுரையிலே காந்தியடிகளின் கால் நொந்தது தெரிந்தது.

இப்பாடத்தினாற் பரீட்சைப் புள்ளி கூடுமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. கூடும், ஆனால் அதற்காக மட்டும் நான் இதனைக் கற்பிக்கவில்லை. ஒருவரைப் புகழவேண்டுமாயின் முதலில் அவரைப் பார்க்கவேண்டும். பார்க்கப் பழகாத பிள்ளை, வளர்ந்தபின்பும் பிறர் சொல்லும் புகழையே சொல்லிக்கொண்டிருப்பான். பிறர் இகழச் சொன்னால் இகழ்வான். தன் கண்ணாலே ஒருவரின் உழைப்பைக் கண்டு, அதன் விலையை அறிந்து, தன் சொல்லால் அதனைச் சொல்லக் கற்ற பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. மேடையிலே மாலை சூட்டி நிற்பவரெல்லாம் பெரியாரோ என்று அவன் தானே கேட்டுக்கொள்ளுவான்.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு இதனை முடிக்கின்றேன். இக்கல்லூரியிலே உங்களுக்குக் கற்பித்தவர்களும், மணி அடித்தவரும், விளையாட்டு மைதானத்திலே கல் பொறுக்கியவரும், விடுதியிலே சோறு ஆக்கியவரும் உங்கள் நினைவிலே இருக்கின்றார்கள். பலருடைய படமும் இல்லை, பதிவும் இல்லை. போர்க்காலத்திலே ஊரிலுள்ள வீடுகளிலும் நிலையங்களிலும் இருந்த பதிவுகள் எவ்வளவு போயின என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அவர்களை அறிந்தவர்கள் இன்று உலகின் பல நாடுகளிலே நரைத்த தலையோடு இருக்கின்றீர்கள். நீங்களே இப்போது ஏடுகள்.

ஆகவே ஆளுக்கொருவராக, ஒவ்வொரு பக்கம் எழுதி அனுப்புங்கள். "ஒப்பற்ற ஆசான்" என்று எழுதவேண்டாம். அவர் எந்தக் கையாற் சுண்ணக்கட்டி பிடித்தார், எந்தச் சொல்லை எப்படி உச்சரித்தார், மழை நாளிலே கூரை ஒழுகியபோது உங்களை எந்த மூலைக்கு நகர்த்தினார், எவனுக்கு மதிய உணவைப் பகிர்ந்து கொடுத்தார் என்று எழுதுங்கள். பிழை வருமென்று அஞ்சவேண்டாம், பின்வருவோர் திருத்திக்கொள்வர். வந்த பக்கங்களை என் மாணவர் ஒழுங்காகப் பெயர்த்தெழுதிக் கல்லூரி நூலகத்திலே வைப்பர். புள்ளி தவறாமலும், குறில் நெடில் பிசகாமலும் எழுதுவிப்பது என் பொறுப்பு.